முப்பத்தொரு புள்ளி

வரலாற்றுப் பாடத்தில் கடுமையான ஆசிரியை என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. தரம் பத்துக்கு முதல் நாள் போனால் பாடம் தொடங்க மாட்டேன். பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதைக் கரும்பலகையில் எழுதுவேன். விடையில் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதவேண்டும். வீட்டில் எழுதிவரும் ஒப்படை ஒரு நாள் பிந்தினால் ஐந்து புள்ளி போய்விடும். உலகப் படத்தில் இடத்தைச் சரியாகக் குறிக்கவேண்டும், குத்துமதிப்பாக வட்டம் போட்டால் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக் கீழே கையெழுத்தும் வைப்பார்கள்.

இதற்கு எனக்குக் காரணம் இருந்தது. தரம் பதினொன்றின் முடிவில் நடக்கும் சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தப் பல வருடங்கள் போயிருக்கிறேன். எந்த விடைக்கு எத்தனை புள்ளி என்று அச்சடித்த தாளை அங்கே கையில் தருவார்கள். காலையிலிருந்து கட்டுக்கட்டாகத் திருத்திக்கொண்டிருக்கும் ஒருவர், முகம் தெரியாத ஒரு மன்னார்ப் பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று நின்று யோசிக்க மாட்டார். தாளில் உள்ள சொல் கண்ணில் பட்டால் சரி போடுவார். அந்தச் சொல்லை என் பிள்ளைகள் எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை.

இரண்டாம் தவணை தொடங்கி ஒரு கிழமைக்குப் பின் புதிதாக ஒரு பிள்ளை வகுப்புக்கு வந்தாள். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். குடும்பம் திரும்பிவந்து பாப்பாமோட்டையில் இருந்தது. அங்கிருந்து பேருந்து ஏறி, பாலம் கடந்து மன்னார்த் தீவில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வருவாள். எங்கள் பிள்ளைகள் என்னை "ரீச்சர்" என்பார்கள், அவள் "மிஸ்" என்பாள். அவள் வாய் திறந்தால் பின்வரிசையில் யாராவது அதேமாதிரிப் பேசிக்காட்டுவார்கள். நான் அதட்டுவேன், அடங்கிவிடும். கொஞ்ச நாளில் அவள் வகுப்பில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அமைதியான பிள்ளை என்று நான் நினைத்தேன்.

அந்தத் தவணைப் பரீட்சையில் மறுமலர்ச்சிக் காலமும் ஐரோப்பியர் கிழக்கே கடல்வழி தேடியதும் வந்திருந்தன. புள்ளிகளை நான் கூடியதிலிருந்து குறைந்தது வரை சத்தமாக வாசித்துத்தான் விடைத்தாளைக் கொடுப்பேன். அன்று கடைசியாக வாசித்தது அவளுடையது. முப்பத்தொன்று. சித்தியடைய இன்னும் நான்கு புள்ளி வேண்டும். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் வந்து தாளை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் இருந்தாள்.

அடுத்த நாள் இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். ஒரு கையில் விடைத்தாள், மற்றக் கையில் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம்.

"மார்க் கூட்டிப் போடுங்கன்னு கேக்க வரல மிஸ். நான் எழுதினது பொய்யான்னு தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

புத்தகத்தைத் திறந்து காட்டினாள். எங்கள் புத்தகத்தில் போர்த்துக்கேயர் என்றிருப்பவர்கள் அதில் போர்ச்சுகீசியர். எங்களுக்கு ஒல்லாந்தர், அவர்களுக்கு டச்சுக்காரர். கொன்ஸ்தாந்திநோபிள் நகரத்தின் எழுத்தும் வேறு. எல்லா இடத்திலும் நான் வெட்டியிருந்தேன்.

"நீர் எழுதினது பொய்யில்லை பிள்ளை. ஆனா சோதினையில இப்பிடி எழுதேலாது. எங்கட சொல்லைத்தான் எழுதவேணும்."

"அப்போ டச்சுக்காரங்களும் ஒல்லாந்தரும் ஒரே ஆளுங்கதானா மிஸ்?"

"ஓம், ஒரே ஆக்கள்தான்."

அவள் தலையை ஆட்டினாள். தப்பில்லாததை ஏன் தப்பு என்று போட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதிமுறையைச் சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காததால், தாளை வைத்துவிட்டுப் போகும்படி சொன்னேன்.

அன்று பாடசாலை விட்டபின் அதைத் திரும்ப வாசித்தேன். சொல் மாறியதற்காக வெட்டியவை ஒரு பக்கம் இருக்கட்டும். துருக்கியர் கொன்ஸ்தாந்திநோபிளைப் பிடித்ததால் தரைவழி வியாபாரம் தடைப்பட்டதை அவள் ஆறு வரியில் எழுதியிருந்தாள். வகுப்பில் வேறு யாரும் அவ்வளவு தெளிவாக எழுதவில்லை. முதல் வரியில் பழக்கமில்லாத எழுத்தைக் கண்டதும் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். மிச்சம் ஐந்து வரியை நான் வாசிக்கவே இல்லை. பரீட்சை நிலையத்தில் இருக்கும் முகம் தெரியாதவருக்குப் பயந்து பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என் கதிரையிலேயே இருந்திருக்கிறார்.

திரும்பத் திருத்தியபோது ஐம்பத்தாறு வந்தது.

தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் பொறுப்பான பகுதித் தலைவியிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட மூத்தவர், நல்ல மனுஷி.

"மாத்துறதெண்டா மாத்துங்கோ," என்றார். "ஆனா ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் தாளைத் தூக்கிக்கொண்டு வருவினம். பிறகு என்ன செய்யப் போறியள்?"

ஆனாலும் வகுப்பில் சொல்வதென்று முடிவெடுத்தேன். முப்பத்தொன்றைச் சத்தமாக வாசித்த நான் ஐம்பத்தாறை மட்டும் இரகசியமாக எழுத முடியாது.

"இந்தத் தவணை திருத்தினதில நான் பிழை விட்டிட்டன்," என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வகுப்புத் தலைவி எழுந்தாள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, எப்போதும் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வருபவள்.

"ரீச்சர், போன தவணை நான் நிலமானிய முறை எண்டு எழுதாமல், காணி வைச்சிருந்த பிரபுக்களின்ர அதிகாரம் எண்டு எழுதினனான். நீங்கள் ரெண்டு புள்ளி வெட்டினீங்கள். அதுவும் பிழையில்லைத்தானே?"

பிழையில்லை. அந்த இரண்டு புள்ளியால் பரிசளிப்பு விழாவில் வரலாற்றுப் பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. அது எனக்கும் தெரியும், வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

"பிழையில்லை. ஆனா அந்தத் தவணை அறிக்கை குடுத்து முடிஞ்சுது. பரிசும் குடுத்தாச்சு. அதை இனி என்னால மாத்தேலாது."

"அப்ப சரி ரீச்சர்," என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த மாதம் முழுவதும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். புதுப்பிள்ளைக்கு நியாயம் செய்யப்போய் இவளுக்குச் செய்த அநியாயத்தை வெளியே எடுத்துப் போட்டதுதான் மிச்சம் என்று பல நாள் எனக்குத் தோன்றியது.

பகுதித் தலைவி சொன்னது நடந்தது. அந்தத் தவணைத் தாள்களை ஒரு கிழமைக்கு யாரும் கொண்டுவரலாம் என்றேன். பதினொரு பேர் வந்தார்கள். ஏழு பேருக்கு ஒன்றும் மாறவில்லை. மூன்று பேருக்குக் கூடியது. ஒருவனுக்கு, கூட்டலில் நான் தவறுதலாகக் கொடுத்திருந்த இரண்டு புள்ளி குறைந்தது. அவன் ஏன் வந்தோம் என்ற முகத்தோடு போனான்.

புதுப்பிள்ளையிடம் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். "நான் சரி போடுவன். ஆனா அடுத்த வருஷம் சாதாரண தரத்தில உம்மட தாளை வேற ஆர் திருத்துவினமோ தெரியாது. ரெண்டு சொல்லையும் படியும். அங்க எங்கட சொல்லை எழுதும்." அவள் கொப்பியின் பின்பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, இரண்டு புத்தகத்துச் சொற்களையும் எதிரெதிரே எழுதத் தொடங்கினாள். அந்தக் கொப்பியை முதலில் இரவல் கேட்டவள் வகுப்புத் தலைவி. ஏன் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. அதன்பின் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவதைக் கண்டிருக்கிறேன்.

சாதாரண தரத்தில் புதுப்பிள்ளைக்கு வரலாற்றில் பி கிடைத்தது, மற்றவளுக்கு ஏ. உயர்தரத்துக்கு வரலாறு எடுப்பாள் என்று நான் எதிர்பார்த்தது புதுப்பிள்ளையைத்தான். அவளோ தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனாள். அதைச் சொல்ல வந்தபோது, "கோவமா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கோபமில்லை, கொஞ்சம் ஏமாற்றம்.

வரலாறு எடுத்தவள் வகுப்புத் தலைவி. இப்போது நான் எடுக்கும் உயர்தர வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறாள். நான் திருத்திக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டுரையையும், தனக்கு உடன்பாடில்லாத இடங்களில் பென்சிலால் கோடு போட்டுத் திரும்பக் கொண்டுவருவாள். போன கிழமை மூன்று கோடுகள். இரண்டில் அவள் சொன்னது சரி. மூன்றாவதில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.