நிபாரண் சீல் கண்ணாடியைத் திருப்பி வைத்த மாதம்

வங்கதேசத்துச் சுகந்தா ஆற்றில் லாஞ்சுப் படகை விட்டு இறங்கிக் கரையேறினால் முதலில் தென்படுகிற தகரக் கொட்டகைதான் நிபாரண் சீலின் சலூன். ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. வாசலுக்கு எதிரே அவர் வீட்டுக் கொல்லை. பதினாறு வயதில் கத்தரிக்கோலைப் பிடித்தவருக்கு இப்போது ஐம்பத்து நான்கு. இத்தனை வருஷமும் அவர் ஆட்களோடு பேசியதெல்லாம் கண்ணாடி வழியாகத்தான். பின்னால் நின்றுகொண்டு, எதிரே தெரிகிற முகத்தோடு பேசுவார். அந்த முகமோ பாதிப் பேச்சைத் தன் மீசையோடு பேசிக்கொண்டிருக்கும்.

அந்தச் சித்திரையில் கண்ணாடிக்கு ஓர் எதிரி முளைத்தான். ஒரு காலையில் பலகைக் கதவை எடுத்ததுமே விர்ரென்று உள்ளே பாய்ந்தது ஒரு தோயேல். நம் பக்கத்தில் குண்டுக்கரிச்சான் என்பார்களே, அதேதான். தலை, மார்பு, முதுகு எல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி மின்னும் கறுப்பு. வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. கண்ணாடிச் சட்டத்தில் உட்கார்ந்து வாலை நெட்டுக்குத்தலாகத் தூக்கி, உள்ளே தெரிந்த இன்னொரு தோயேலை முறைத்தது. அதுவும் முறைக்கவே, பாய்ந்து கொத்தத் தொடங்கியது.

மோட்டார் வேன் ஓட்டும் மோத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அங்கே தாதா என்றால் அண்ணன். "தாதா, ரெண்டு டாக்கா நோட்டுல இருக்கிற பெரிய மனுசன் நேர்லயே வந்துட்டாரு! சவரமா கட்டிங்கான்னு கேளுங்க!"

இரண்டு நாள் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கீற்றைப் பார்த்த நிபாரண் துண்டால் துடைத்தார். ரத்தம். குருவியின் அலகோரம் தோல் பெயர்ந்திருந்தது. விரட்டினால் வாசல் வரை போய்த் திரும்பி வந்தது. சோப்பு நுரையைப் பூசிப் பார்த்தார். பூசாமல் விட்ட ஓரத்தில் வந்து கொத்தியது. மனைவி மினதியின் பழைய புடவையைப் போட்டு மூடினார். காற்றில் துணி விலகினால் போதும், அது ஆஜர்.

"அங்க பொண்டாட்டிக்காரி முட்டை மேல உக்காந்திருக்கா. இவரு இங்க நிழலோட மல்லுக்கட்டுறாரு" என்றாள் மினதி, டீ கொண்டுவந்து வைத்தபடி.

"யாரு பொண்டாட்டி? பலாமரத்துப் பொந்துல இருக்கே, அந்தச் சாம்பல் குருவியா? அது வேற ஜாதி இல்ல?"

"நல்லாப் பாருங்க. அதே வெள்ளைப் பட்டை, அதே மாதிரி வாலைத் தூக்கிக்கிட்டு நிக்கும். இவனுக்குக் கறுப்பா இருக்கிற இடத்துல அவளுக்குச் சாம்பல். வருஷா வருஷம் நம்ம கொல்லையிலதான் நடக்குது. உங்களுக்குத்தான் கண்ணாடியை விட்டா எதுவும் தெரியாதே."

மறுநாள் காலை நிபாரண் திருப்புளியை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி சாத்தி வைத்தார். எதிரே வெறும் தகரம். வருகிறவர் அதையா பார்த்துக்கொண்டிருப்பார்? நாற்காலியைத் தூக்கி வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். இப்போது உட்கார்ந்தால் பலாமரமும் அதற்குக் கீழே சருகுத் தரையும் தெரிந்தன.

ஆளாளுக்குக் கத்தினார்கள். "என் தலையை நான் பாக்காம நீ என்னய்யா வெட்டறது?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். இளவட்டங்கள் கடைத்தெரு சலூனுக்கு மாறினார்கள். மோத்தி மட்டும் உட்கார்ந்து, காதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "ரெண்டும் இருக்கா தாதா?" என்று கேட்பான்.

எதிரி மறைந்ததும் ஆண் குருவிக்கு வீட்டு ஞாபகம் வந்தது. குஞ்சு பொரித்த பிறகு இரண்டுக்கும் ஓய்வே இல்லை. தத்தித் தத்திச் சருகைப் புரட்டும். புழு, வெட்டுக்கிளி, பூச்சி என்று அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு பொந்துக்கு ஓடும். ஒருநாள் பல்லிக்குஞ்சு ஒன்றைக் கிளையில் அடித்து அடித்துத் துவளவைத்து எடுத்துப் போனது. விடியலிலும் அந்தியிலும் ஆண் மர உச்சியில் ஏறிப் பாடும். சவரக்கத்தி கன்னத்தில் இருக்கும்போதே ஆட்கள் அதைப் பார்க்கத் தலையைத் திருப்ப, நிபாரண் அதட்ட வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முன்னால் சோலேமான் சாரெங் வந்தார். நாற்பது வருஷம் இந்த ஆற்றில் லாஞ்சு ஓட்டியவர். அந்த மாசியில்தான் மனைவி இறந்திருந்தாள். வந்தால் சலாம் சொல்வார், சவரம் முடிந்ததும் எழுந்து போவார். நடுவில் ஒரு வார்த்தை இருக்காது. நுரையைப் பூசியபோது பொந்துக்குப் பக்கத்துக் கிளையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

"அது யாரு பாடறது? கறுப்புப் பய அங்க தரையிலல்ல மேயறான்" என்றார் சாரெங்.

"அவதான் சாச்சா, சாம்பல்காரி. எப்பவாவது பாடுவா, சன்னமா. எனக்கே இந்த மாசந்தான் தெரியும்."

 சாரெங் மரத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாப்பதாம் நாள் சோறு போட்டோமில்ல, அப்பப் பொம்பளைங்க பேசிக்கிட்டாங்க. கல்யாண வீட்ல உங்க சாச்சி பாட்டுன்னா உசிரையே குடுப்பாங்களாம். 'மருதாணிப் பாட்டை இனி யாரு எடுத்துக் குடுப்பா'ன்னு ஒருத்தி அழுவறா. நாப்பத்தாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்திருக்கேன், நிபாரணு. அவ பாடுவான்னே எனக்குத் தெரியாது. வீட்ல வாயைத் தொறந்தாலே, 'சும்மா இரு, புயல் சேதி கேக்கறேன்'னு ரேடியோவைக் காதுல வெச்சுக்குவேன்."

கண்ணாடி இருந்திருந்தால் நிபாரண் அவர் முகத்தைப் பார்த்து ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். இப்போது முன்னால் இருந்தது நரைத்த பின்தலை மட்டும்.  கத்தியைப் பிடித்த கையை விலக்கி, அந்தத் தோள் அசைந்து ஓயும்வரை நின்றார். பிறகு, காய்ந்துபோன நுரைக்கு மேல் புதிதாக நுரை பூசினார்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது மினதியிடம் கேட்டார்: "ஏம்மா, நீ பாடுவியா?"

"வெயில்ல தலை காய்ஞ்சிருச்சா? இலீஷ் மீனை முள்ளு பாத்துச் சாப்பிடுங்க" என்றாள் அவள். அடுப்படிக்குப் போய் ஒரு நிமிஷம் கழித்து உள்ளேயிருந்தே சொன்னாள்: "பள்ளிக்கூடத்துல பாடியிருக்கேன். பரிசுகூட. ஒரு தட்டு குடுத்தாங்க."

வைகாசிக் கடைசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள் குஞ்சுகள் பொந்தை விட்டுக் குதித்தன. நான்கு. ஒன்றைக் காகம் கொண்டுபோனது. மற்ற மூன்றும் புள்ளி விழுந்த மார்போடு, வால் வளராமல் நான்கைந்து நாள் வேலியில் தடுமாறின. அதன்பின் கண்ணில் படவில்லை.

நிபாரண் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஆண் தோயேல் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தது. சண்டைக்கு மனமில்லையோ என்னவோ, போய்விட்டது.

அந்த வெள்ளியும் சாரெங் வந்தார். கண்ணாடியில் தன்னை ஒரு பார்வை பார்த்தவர், "இந்தக் கெழவனை வீட்லயே தெனம் பாக்கறேன். நாற்காலியைத் திருப்பிப் போடு" என்றார். அவருக்கு மட்டும் அப்படியே வழக்கமாகிவிட்டது.

ஆவணியில் ஒருநாள் மோத்தி வந்தான். கேலியில்லை, சலாம்கூட இல்லை. கண்கள் அழுது வீங்கியிருந்தன. வேனை ஓரம்கட்டிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் சற்று நின்றான். அப்புறம், சாரெங்குக்குப் போடுவதுபோல் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லிக் கையால் காட்டினான். நிபாரண் என்ன ஏதென்று கேட்கவில்லை. நாற்காலியைத் தூக்கி வாசலைப் பார்க்க வைத்துவிட்டு, சோப்பை எடுத்துக் குழைக்கத் தொடங்கினார்.