பக்கெட்டில் கலந்த மருந்து

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறேன். தோல் வாசனையும், ஒட்டுகிற சொல்யூஷன் வாசனையும் எங்கள் தையல் லைன் பெண்கள் எல்லார் மேலும் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டு போவார்கள். அதனால் வீட்டுக்குப் போனதும் காயம் கழுவுகிற மருந்தைப் பக்கெட்டில் கலந்து குளிப்பது எங்களுக்குள் வழக்கம். நான் ஒரு படி மேலே போய், பிறப்புறுப்பின் உள்ளேயும் அதை ஊற்றிக் கழுவினேன். சுத்தமென்றால் முழுச் சுத்தம் என்று நினைப்பு.

பிடித்தது சனியன். அரிப்பு, எரிச்சல், தயிர் மாதிரி வெள்ளைப்படுதல். சுத்தம் பத்தவில்லை என்று நினைத்து மருந்தை ஜாஸ்தியாக்கினேன். மிஷினில் உட்கார முடியாமல் நெளிந்ததில் தையல் கோணிக்கொண்டு போனது.

"இப்டியே போனா உன்னை பேக்கிங்குக்கு மாத்திடுவேன்" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

எனக்குக் கர்வம் இருந்ததே அந்தத் தையலில்தான்.

ஞாயிற்றுக்கிழமை லேடி டாக்டரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, எதைப் போட்டுக் கழுவுகிறாய் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க நல்ல கிருமியும் இருக்கும்மா. அதையும் சேத்துக் கொன்னுட்டே. உள்ள தானா சுத்தமாயிடும். வெளிய மட்டும் கழுவு, வெறும் தண்ணி போதும்."

தோல் வாசனை இருப்பது துணியிலும் தலைமுடியிலும்தான் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மிஷினில் ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

இதை வாய்க்குள் வைத்துக்கொள்ள என்னால் ஆகவில்லை. சாப்பாட்டு ஹாலில் எங்கள் லைன் பெண்களிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பின்னால் சூப்பர்வைசர் அம்மா நின்றிருந்தது தெரியாது.

"சாப்பிடற எடத்துல இன்னா பேச்சு இது?"

"நான் நெளிஞ்சதுக்கு இதாங்க மேடம் காரணம். இப்ப தையல் நேரா வருது, நீங்களே பாத்தீங்க. இவங்களுக்கும் தெரியணும்ல?" குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார், மூடினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெறும் தண்ணி போதும்னா சொன்னாங்க?" என்று கேட்டார். "எனக்கு வருஷக்கணக்கா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. "அவங்களயே போய்ப் பாருங்க மேடம்" என்று டாக்டர் கிளினிக்குக்கு வழி சொன்னேன், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி.