மருமகளுக்கு எடுத்து வைத்த முதல் கரண்டி

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதம், திருவனந்தபுரத்தில் ஆற்றுக்கால் அம்மனுக்குப் பெண்கள் தெருவிலேயே பொங்கலிடும் பொங்காலை அன்று நடந்தது இது. நாங்கள் சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறோம். அன்றைக்கு எங்கள் ஊரில் தெருவே கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செங்கல் கூட்டிய அடுப்பும் அதன் முன்னால் ஒரு பெண்ணும்தான். கோயில் அடுப்பில் மூட்டிய தீ கைமாறிக் கைமாறி எங்கள் சந்து வரை வரும். அடுப்பு பற்றிவிட்டால், மத்தியானம் பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கிறவரை யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டோம்.

என் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, பூதப்பாண்டியில் பிறந்து வளர்ந்தவர். மாமாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவர். எண்பது தாண்டியதும் ஞாபகம் ஒவ்வொன்றாக விட்டுப்போனது. முதலில் என் பெயர் போனது, பிறகு நான் யார் என்பதும் போனது. சில நாள் என்னை அக்கா என்பார், சில நாள் டீச்சர் என்பார். கல்லூரியில் படிக்கிற என் மகள் "ஆச்சி" என்று மடியில் தலை வைத்தால் தடவிக் கொடுப்பார், இது யார் பிள்ளை என்று கேட்க மாட்டார். ஆனால் அந்தி விளக்கு மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை.

கூட்டத்தில் அவரைக் கூட்டிப்போக வேண்டாம் என்றுதான் என் கணவர் சொன்னார். ஆனால் அன்று விடிகாலையில் யாரும் சொல்லாமலே அத்தை குளித்து, கரை வைத்த வெள்ளைச் சேலை உடுத்தி, வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். "பொங்காலைக்கு நேரமாச்சுல்லா" என்றார். அதற்குமேல் எனக்கு மனசு வரவில்லை. எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன்.

தீ வந்தது. குனிந்து ஓலையைச் சொருகினேன். சந்து முழுக்கப் புகை. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், நாற்காலியில் அவர் தோளில் கிடந்த துண்டு மட்டும் கிடக்கிறது. அத்தை இல்லை.

மகள் போலீஸ் உதவி மையத்துக்கு ஓடினாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எரிகிற அடுப்பை விட்டு எழுந்தால் அம்மனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று ஒரு பக்கம், வீடு எது என்றே தெரியாத அத்தை இந்த வெயிலில் எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று ஒரு பக்கம். பக்கத்து அடுப்புக்காரி விதுரையிலிருந்து முந்தின நாளே பஸ் ஏறி வந்து இடம் பிடித்தவள். என் முகத்தைப் பார்த்தாள்.

"சேச்சி போயிட்டு வா. உன் கலத்தை நான் நோக்கிக்கோளாம். அம்மையை விட்டுட்டுப் பொங்கல் வச்சா தேவி சாப்பிடுமா?"

அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது.

அதற்குப் பிறகு நான் நடந்தது நடையா மிதப்பா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. புகையில் தூரம் தெரியவில்லை. எல்லாக் கிழவிகளும் அதே வெள்ளைச் சேலை, அதே நரைமுடி. ஒவ்வொரு முதுகையும் அத்தை என்று நினைத்துத் தொட்டேன், திரும்பியது வேறு முகமாக இருந்தது. எங்கும் தேங்காயும் வெல்லமும் வேகிற மணம். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. "அம்மே, அவங்களக் காட்டு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் அத்தை கோயிலுக்குப் போகிற வழியில் கிணறு உள்ள ஒரு வீட்டு வாசலில்தான் பொங்கலிடுவார் என்று மாமா சொல்வார். நான் போனதில்லை. கல்யாணமாகி ஏழெட்டு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. அந்த வருடங்களில் அத்தை என்னைப் பொங்காலைக்குக் கூட்டிப்போனதே இல்லை. "வெயில் தாங்க மாட்ட, நீ இரு" என்பார். பிள்ளை பெறாதவள் என்பதால்தான் ஒதுக்குகிறார் என்று அடுக்களையில் தனியாக அழுதிருக்கிறேன். திரும்பி வந்ததும் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை, மகனுக்குக்கூடக் கொடுக்காமல், முதலில் என் கையில் தருவார். அதையும் வருத்தத்தோடுதான் தின்பேன்.

அந்த வழியே ஓடினேன். கிணற்று வீடு இப்போது இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. அதன் கேட்டுக்கு முன்னால், முகம் தெரியாத பெண்களுக்கு நடுவில், அத்தை ஒரு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

வெறுங்கையோடு வந்து, "இது என் இடம்" என்று நின்றாராம். யாரும் விரட்டவில்லை. ஒருத்தி மிச்சமிருந்த கலத்தைத் தந்தாள், மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி அரிசி, ஒரு துண்டு வெல்லம், ஒரு கீற்றுத் தேங்காய். "பேடிக்கண்டா, ஒண்ணும் பயமில்லை, அம்மை இவிடெ சுகமா இருக்கு. எங்களுக்கே தீ கூட்டப் படிப்பிச்சுக் கொடுத்தாச்சு" என்று ஒருத்தி சிரித்தாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை என் கரி படிந்த முகத்தைப் பார்த்தார்.

"யாரு மக்ளே நீ? அடுப்புல அரிசியப் போட்டியா, மூஞ்சியப் போட்டியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீங்க யாருக்கு வேண்டிப் பொங்கலிடுதீங்க?" என்று கேட்டேன்.

"என் மருமகளுக்கு. இன்னும் பிள்ளை இல்ல. தங்கமான பிள்ளை."

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அத்தை குரலைத் தாழ்த்தினார். "இங்க வந்தா ஆளாளுக்குக் கேப்பாளுக, விசேஷம் உண்டா, விசேஷம் உண்டான்னு. அந்தப் பிள்ளை மூஞ்சி வாடிரும். அத என்னால பாக்க முடியாது. அதான் வெயிலுன்னு சொல்லி வீட்டுல இருத்திட்டு வந்தேன்."

கலம் பொங்கி வழிந்தது. அத்தை நாக்கைச் சுழற்றிக் குரவை இட்டார், சுற்றிலும் எல்லோரும் சேர்ந்து இட்டார்கள். தீர்த்தம் வந்தபோது ஒரு துளி என் நெற்றியிலும் விழுந்தது.

ஒரு வாழையிலைத் துண்டு வாங்கி முதல் கரண்டியை எடுத்து வைத்தார். நான் கை நீட்டினேன். அத்தை தள்ளிவிட்டார். "இது அவளுக்குள்ளது. உனக்கு அடுத்த கரண்டி தாரேன், பொறு."

சந்துக்குத் திரும்பினோம். விதுரைக்காரி என் கலத்தை இலை போட்டு மூடி, தீர்த்தமும் வாங்கி வைத்திருந்தாள். வீடு வரும்வரை அத்தை அந்தப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளே வந்ததும், "என் மருமக எங்க?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் முகம் கழுவி, வேறு சேலை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றேன். "நான்தான் அத்தை."

ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பொட்டலத்தை என் கையில் வைத்தார். "தின்னு மக்ளே. இன்னிக்கு வெயில் அதிகம். நீ வராதது நல்லதாப் போச்சு."

நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டிருந்த என் மகள் அவர் மடியில் தலை வைத்து, "ஆச்சி, நீங்க பொங்கலிட்டுக் கேட்ட பிள்ளை இங்கதான் கிடக்கு" என்றாள். அத்தை எப்போதும்போல் அவள் தலையைத் தடவினார்.

அடுத்த மாசி வருவதற்குள் அத்தை அம்மனிடம் போய்விட்டார். இப்போது பொங்காலைக்குப் பக்கத்தில் எந்த இளம்பெண் வந்து உட்கார்ந்தாலும் நான் விசேஷம் கேட்பதில்லை, தீ பிடித்ததா என்று மட்டும் கேட்கிறேன். நான் அழுது கேட்டுத்தான் அம்மன் மகளைத் தந்தாள் என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போது கைகூப்பும்போதெல்லாம், எனக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்து எனக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிற அத்தையின் முதுகுதான் புகைக்குள் தெரிகிறது.