கரப்பான் கிடந்த பாட்டில்

பாடாலூருக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஒரு கலர் சோடா கம்பெனி இருந்தது. அங்கே எனக்கும் பூலாம்பாடியிலிருந்து வந்த ஓர் அக்காவுக்கும் ஒரே வேலை. கழுவிய காலி பாட்டில்கள் டியூப் லைட்டுக்கு முன்னால் பெல்ட்டில் வரிசையாக வரும். வாய் உடைந்தது, கீறல் விட்டது, உள்ளே பீடித்துண்டு கிடப்பது என்று பார்த்து எடுக்க வேண்டும். கழுத்தை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்கணும். பக்கத்து பாட்டிலில் இடித்தால் வரிசையே சரிந்துவிடும். அரை மணிக்கு ஒருத்தியாக மாறி மாறிப் பார்ப்போம். மற்றவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்ததை அடுக்குவாள்.

அக்கா எடுத்தால் சத்தமே வராது. ஆனால் அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் அவள் முறையில் கெட்ட பாட்டில் அவளுக்கு நேராக வந்ததும், நான் பெல்ட்டுக்கு அடியில் அவள் காலைத் தட்டுவேன். உடனே எடுத்துவிடுவாள்.

சூப்பர்வைசர் அரியலூர்க்காரன். சில நாள் எங்களைச் சோதிக்க அவனே செத்த கரப்பானை ஒரு பாட்டிலில் போட்டு அனுப்புவான். கலர் நிரம்பி, மூடி போட்டு வந்த பிறகு, தவறவிட்டவளே அதை எல்லார் முன்னாலும் குடிக்கணும்.

ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தியத்தான் பர்மனெண்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க. பாத்து நடந்துக்க."

மறுநாள் அக்காவின் முறையில் அந்த பாட்டில் வந்தது. கரப்பான் மல்லாந்து கிடந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் ஆரஞ்சு கலரோடு வந்து நின்றான். "குடி."

அக்கா பாட்டிலை லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "என்ன சார் கெடக்கு?" நிஜமாகவே கேட்டாள்.

"குடிச்சுப் பாரு, தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். அக்கா குடித்தாள். வாயில் தட்டுப்பட்டதும் உள்ளங்கையில் துப்பி, விரலால் தடவிப் பார்த்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் எப்போதும்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, காலு வலியா? இன்னிக்குத் தட்டவே இல்லியே?"

"மரத்துப்போச்சுக்கா."

"தைலம் தேய்ச்சுக்க" என்றாள். ஊர் வரும்வரை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். எனக்கு பர்மனெண்ட் ஆர்டர் வந்தது. வீட்டில் கறி எடுத்துச் சமைத்தார்கள். நான் இரண்டு தடவை போடச் சொல்லிச் சாப்பிட்டேன்.