நான் தண்ணீர் பருக்கிய குருவி

யன்னல் கண்ணாடியில் தொப்பென்று சத்தம் கேட்டபோது நான் பத்துப் பிள்ளைகளுக்குப் பனி உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கார்டெரியில், அதாவது சின்னப் பிள்ளைகளைப் பகலில் பராமரிக்கும் இடத்தில், வேலை செய்தவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். ஒன்றுக்குச் சிப் இழுத்து முடிக்க, மற்றது மூத்திரம் முட்டி "பிப்பி" என்று நெளியும். கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் சின்ன இடம், ஜனவரி மாதம், எல்லாம் நாலு வயதுப் பிள்ளைகள்.

வெளியே போனால், பனியில் ஒரு மெசான்ஜ் கிடந்தது. தலையில் கறுப்புத் தொப்பி போட்டதுபோல இருக்கும் கைக்கடக்கமான குருவி. குளிர்காலத்தில் காட்டு உயிர்களைப் பராமரிப்பது அந்த மாதத்துப் பாடம் என்பதால் மரத்தில் சூரியகாந்தி விதைக் கூடு கட்டியிருந்தோம். அதற்கு வந்ததுதான் கண்ணாடியில் மோதிவிட்டது. மூச்சு இருந்தது.

எங்கள் மட்டக்களப்பில் யார் மயங்கி விழுந்தாலும் முதலில் தண்ணீர்தான். பேர், ஊர் எல்லாம் பிறகு. நானும் அப்படியே கத்தினேன்.

"ஆரணி, உன்ட கப்பில தண்ணி கொண்டு வா மகள், கெதியா!"

அந்தப் பத்துப் பேரில் தமிழ் விளங்கியது அவளுக்கு மட்டும்தான். ஓடிப்போய்க் கொண்டு வந்தாள். விரலால் தொட்டு அலகுக்குள் நாலு சொட்டு விட்டேன். குருவி ஒருமுறை நடுங்கியது. அலகில் குமிழ் வந்தது. தலை சாய்ந்துவிட்டது.

"குளிர் தாங்காமல் செத்துப்போய்விட்டது" என்று பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். நிலம் கல்லாக உறைந்திருந்தது, புதைக்க வழியில்லை. அவர்கள் காணாமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன்.

மத்தியானம் பிள்ளைகள் படுத்திருந்த நேரம், பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். துவாய்களை மடிக்க வேண்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பெண் பிரெஞ்சில் பொறுமையாகச் சொன்னார்: "தண்ணீர் அதன் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கும். அடிபட்ட பறவையை மூடிய அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைக்க வேண்டும். தீனியும் கூடாது, தண்ணீரும் கூடாது. பல நேரம் தானே தெளிந்துவிடும்." எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ஆரணியின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண், இடுப்பில் கைக்குழந்தை.

"அக்கா, இவள் தம்பிக்குத் தண்ணி குடுக்க விடுறாளில்லை. போத்தலைப் பறிச்சு ஒளிக்கிறாள். குடுத்தா அவன் செத்துப்போவானாம். குருவியையும் தான்தான் சாக்காட்டினதாம் எண்டு அழுறாள். என்ன நடந்தது?"

அன்று மத்தியானம் அவள் உறங்கவில்லை, ஸ்பீக்கரில் அந்தப் பெண் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் பொய் சொல்லித் தப்ப, பழி அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்திருந்தது. நடந்ததை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப அதை அவளிட்டச் சொல்லுங்கோ அக்கா" என்றார். குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே வேண்டும்.

அடுத்த நாள் காலை வட்டமாக இருந்து எல்லோருக்கும் சொன்னேன், குளிர் என்றது பொய் என்பதையும் சேர்த்து. பிறகு ஆரணிக்குத் தமிழில் சொன்னேன்.

"தண்ணி விட்டது நான். கொண்டு வரச் சொன்னதும் நான். உன்னில ஒரு பிழையும் இல்ல மகள்."

அவள் யோசித்தாள். "மன்னிப்புக் கேட்டனீங்களா?"

"உன்னட்டக் கேக்கிறன் மகள்."

"எனக்கு இல்லை. குருவிக்கு."

குருவி குப்பையில் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? அவளே வழி சொன்னாள்.

"மற்றக் குருவிகளிட்டக் கேளுங்கோ."

பத்துப் பேருக்கும் திரும்பவும் பனி உடுப்பு. விதைக் கூட்டுக்கு முன்னால் நின்று, ஐம்பது வயதுப் பொம்பிளை, சத்தமாக "மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றேன். இரண்டு மெசான்ஜ் பயந்து பறந்தன. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

மறுநாள் கதவடியில் ஆரணியின் அம்மா சொன்னார்: "நேற்று அவளே தம்பிக்குப் போத்தலைப் பிடிச்சுப் பருக்கினவள்." எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இப்போது நான் முதலில் காட்டுவது அலுமாரியிலுள்ள வெறும் அட்டைப் பெட்டியைத்தான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இரக்கம் வந்தவுடன் கையை நீட்டாமல், என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அப்படியும் பிழை விட்டால் அன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் மறைக்கிற பிழையை அவர்கள் தங்களுடையது என்று எடுத்துக்கொள்வார்கள்.