வயிறு நிறைந்த காக்காய்கள்

கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டின் முன்னால் இருக்கும் தோட்டம் ஒரு கார் நிறுத்தும் அளவுதான். அதில் ஒரு பப்பாளி, ஒரு கறிவேப்பிலை, மதில்மேல் ஒரு தண்ணீர்ச் சட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பறவைகளுக்குத் தீனி வைக்கிற பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. பழுத்த பப்பாளிக்கு மாங்குயில் வந்தது, சோற்றுக்கு மைனா வந்தது, நொய்யரிசிக்குப் புறா வந்தது. காக்காய் மட்டும் வரவில்லை. எனக்கு வேண்டியதோ காக்காய்தான்.

காரணம் என் அண்ணன். அம்மா எங்களோடுதான் இருந்தார். ஒரு கல்யாண வீட்டில் அண்ணியை நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டார். கோபித்துக்கொண்டு சுங்கை வேயில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிப் போன அண்ணன், அப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோதும் வரவில்லை, காரியத்துக்குத்தான் வந்தார்.

முதல் திதியன்று மதில்மேல் இலை போட்டுச் சோறு வைத்து, தொண்டை வறளும்வரை 'கா கா' என்று கூப்பிட்டோம். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. காக்காய் எடுக்காமல் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வெயில் இறங்கியதும் அண்ணன் கார் சாவியை எடுத்தார். "அம்மாவுக்கு இன்னும் என் மேல கோவம் போகல, தம்பி" என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகவே கிளம்பிப் போனார்.

அடுத்த திதிக்குள் காக்காயை வரவழைக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். எனக்குக் கொழுப்பு ஏறியிருப்பதால் மனைவி பாசாரில் வாங்கிவரும் கோழியின் தோலை உரித்து எறிந்துவிடுவாள். அதை நறுக்கி மதில்மேல் வைத்தேன். மறுநாளே வந்துவிட்டன. கொஞ்ச நாளில் நான் கை தட்டினால் மின்கம்பியிலிருந்து இறங்கின.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் இப்படிப் பார்த்துப் பார்த்து வச்சிருப்பீங்களா?" என்றாள் மனைவி.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். "இந்தத் திதிக்குக் கவலையே வேணாம் அண்ணே. காக்கா எல்லாம் இப்ப நம்ம கைக்குள்ள லா."

திதியன்று விடிந்ததும் விடியாததுமாகக் கம்பியில் வந்து உட்கார்ந்து கத்த ஆரம்பித்தன. ஒன்றும் வைக்காவிட்டால் மூலைக் கடைச் சாக்கடைக்குப் போய்விடுமோ என்று பயம் வந்தது. மனைவி தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ்பெட்டியின் அடித்தட்டில் மீந்திருந்த கோழித்தோலை அவளுக்குத் தெரியாமல் எடுத்து அத்தனையையும் வைத்தேன். "இங்கேயே இருங்கடா, மத்தியானம் வேலை இருக்கு" என்று அவற்றிடம் சொல்லவும் செய்தேன். அம்மாவின் திதியன்று அசைவத்தைத் தொட்ட கை அது. அப்போது கொஞ்சமும் கூசவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு.

அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மதில்மேல் இலையில் சோறு, வடை, பாயசம், அம்மாவுக்குப் பிடித்த பாகற்காய் வறுவல் எல்லாம் வைத்தோம். கை தட்டினேன். மூன்று காக்காய்கள் இறங்கி வந்தன. சோற்றைப் பார்த்தன. ஒன்று அலகை மதிலில் தேய்த்துக்கொண்டது. பிறகு மூன்றும் என் கையையே பார்த்தன.

அண்ணன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். "அம்மா, நான்தாம்மா. வந்திருக்கேன்" என்றார். அறுபதைத் தாண்டிய மனுஷன், இனிப்பு நீர் வியாதி உள்ளவர், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்கவில்லை. குரல் உடைந்தது. எனக்குக் காது மடல் சுட்டது. அதுகள் வயிறு நிறைந்து கிடக்கின்றன அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கத்தில் மனைவி நிற்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் அழுதுகொண்டு நிற்கும்போது நான் என் மானத்தைப் பார்த்தேன்.

"நான் நிக்கிறதாலதான்" என்றார் அண்ணன். கேட்டைத் திறந்து ரோட்டைத் தாண்டிப் போய், எதிர் வீட்டுக் கார் பக்கத்தில் வெயிலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

அவர் போனதும் ஒரு காக்காய் தத்தி வந்து வடையைக் கவ்விக்கொண்டது. புது ஆள் போய்விட்டார், தினம் பார்க்கிற நான் நிற்கிறேன், அவ்வளவுதான் விஷயம். மனைவி அவசரமாக "எடுத்துருச்சு மச்சான், எடுத்துருச்சு" என்று குரல் கொடுத்தாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்தே கும்பிட்டார்.

உள்ளே வந்து இலை முன்னால் உட்கார்ந்தவர், "பார்த்தியா, நான் நகர்ந்ததும் அம்மா சாப்பிட்டுட்டாங்க" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கோழித்தோல், காலையில் வைத்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவளுக்கு அது உண்மை என்று தெரிந்துவிட்டது.

அண்ணன் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு இடது கையால் என் முழங்காலைத் தட்டினார். "எனக்காக இப்படியெல்லாம் கதை கட்டாத லா, தம்பி. திதியன்னிக்கு எவனாவது கோழி வைப்பானா?"

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.

இந்த வருஷம் திதிக்கு வெகுநாள் முன்பே தோல் வைப்பதை நிறுத்திவிட்டேன். காக்காய்கள் பசியோடு கம்பியில் காத்திருந்தன. அண்ணன் வந்து, தன் கையாலேயே சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து இலையில் வைத்தார். "இருங்கண்ணே, இன்னிக்கு உங்க முன்னாலேயே எடுக்கும்" என்று அவர் தோளைப் பிடித்தேன்.

"வேணாம்பா, அவங்க நிம்மதியா சாப்பிடட்டும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து போனார். ரோட்டின் அந்தப் பக்கம் அதே இடத்தில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.