பரிந்துரைக்கப்பட்ட படமும் பூட்டிய பஞ்சர் கடையும்: திண்டுக்கல் – வேடசந்தூர் ஒரு நாள் பயணம்

போன ஞாயிற்றுக்கிழமை, உலக சினிமாவின் தலையெழுத்தைத் திருத்தி எழுதுவதற்காக நான் திண்டுக்கல் போக வேண்டியதாயிற்று. வேறு யாருக்கும் அன்று நேரமில்லை. என் அக்கா மகள் நிவேதா குறும்படங்களுக்காக இணையத்தில் ஒரு பத்திரிகை நடத்துகிறாள். கால் பிசகிக் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவள் எனக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பினாள்: "மாமா, ஆரம்பகாலப் படங்கள். விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவை. ரெண்டு டைரக்டர். ஏழு கேள்வி அனுப்புறேன். தயவுசெஞ்சு சொந்தமா எதுவும் சேக்காதீங்க."

கடைசி வரியை நான் படித்ததாக ஞாபகம் இல்லை. 'ஆரம்பகாலப் படங்கள்' என்றதும் சினிமா பேசாத காலத்துப் படங்கள் என்று எடுத்துக்கொண்டு, மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் (இரண்டு வேளை டிபன் மட்டும் சாப்பிட்டேன்) ஊமைப் படங்களைப் பற்றிப் படித்தேன். அந்தக் காலத்து இயக்குநர்கள் இருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அதுவும் திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கே மெய் சிலிர்க்கும் செய்தியாக இருந்தது. தண்ணீர் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை 6.20க்குப் பஸ். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். அறுபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தை ஓட்டுநர் ராக்கெட் வேகத்தில் கடந்து 7.50க்குத் திண்டுக்கல்லில் இறக்கிவிட்டார். பிரியாணி பற்றி எழுதுவேன் என்று காத்திருக்கும் வாசகர்கள் மன்னிக்கவும். காலை எட்டு மணிக்கு நான் சாப்பிட்டது நாலு இட்லியும் ஒரு வடையும். நாற்பத்தைந்து ரூபாய். சட்னி காரம் காது வழியாக வெளியேறியது.

முதல் இயக்குநர் பிரிட்டோ. பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே அவருடைய கல்யாண வீடியோ ஸ்டூடியோ. நான் கைத்தடியோடு ஒரு தொண்டு கிழவரை எதிர்பார்த்து மாடி ஏறினேன். முப்பதுக்குள் இருக்கும் ஒருவர் டீ சர்ட்டோடு கதவைத் திறந்தார். இத்தனை வயதிலும் தோல் சுருங்காமல் இருக்கிறாரே என்று வியந்தபடி பேட்டியைத் தொடங்கினேன்.

"அந்தக் காலத்துல சத்தம் இல்லாம எப்படிங்கய்யா சமாளிச்சீங்க?"

"ரொம்பக் கஷ்டம் சார். மைக்கு ஒயரு அந்துபோச்சு. பேச்சே வேணாம்னு விட்டுட்டோம்."

"கேமரா கையாலயா?"

"ஆமா சார். ஸ்டாண்டுக்கு எங்க போறது?"

இப்படியே இருபது நிமிடம் போயிற்று. நான் ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் நின்று கேட்டேன், அவர் எட்டு வருடத்துக்கு முன்னால் நின்று பதில் சொன்னார். ஒரு கேள்வி கூடப் பதிலோடு இடிக்கவில்லை. பிலிமை எங்கே கழுவினீர்கள் என்று நான் கேட்டபோதுதான் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது காலேஜ் மூன்றாம் வருடத்தில் செல்போனில் எடுத்த படம் என்றார். நிவேதாவுக்குப் போன் போட்டேன். 'ஆரம்பகாலம்' என்றால் சினிமாவின் ஆரம்பம் இல்லையாம், அந்தந்த இயக்குநரின் ஆரம்பமாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னதாக அவள் சொல்கிறாள்.

பிறகு படத்தைப் போட்டுக் காட்டினார். ஏழு நிமிடம். கல்யாண ஆல்பம் தயாரிக்கும் ஒருவரிடம் வந்து, சண்டை போட்டுக்கொண்ட பெரியப்பாவைக் குடும்பப் போட்டோவிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். அவரும் எடுத்துவிடுகிறார். ஆறு மாதம் கழித்து ராசியாகி, பெரியப்பாவைத் திரும்பப் போடச் சொல்லி வருகிறார்கள். அதற்குள் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைத்தாயிற்று. படம் ஒரு விருதுப் போட்டியில் கடைசி ஐந்துக்குள் வந்தது, விருது கிடைக்கவில்லை. "பட்டியல்ல பேரு வந்த அன்னைக்கே எங்கப்பா கடை போர்டுல டைரக்டர்னு எழுதிட்டாரு. இப்ப அழிக்கச் சொன்னா மொறைக்கிறாரு," என்றார் பிரிட்டோ. வெளியே வந்து பார்த்தேன். 'டைரக்டர்' என்ற எழுத்து கடைப் பெயரை விடப் பெரிதாக இருந்தது.

10.40க்கு வேடசந்தூர் வழியாகப் போகும் கரூர் பஸ். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய், இருபது கிலோமீட்டர் சொச்சம், நாற்பது நிமிடம். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள் என்று எழுத நினைத்தேன், ஆனால் வெயில் அன்று இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்தது. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. காய்ந்த நிலம், நடுவில் திடீர் திடீரென்று கிணற்றுப் பாசனப் பச்சை, நீளமான நூற்பாலைக் கட்டடங்கள். ஞாயிறானதால் மில் பஸ்கள் வேலியோரம் வரிசையாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. வேடசந்தூரில் இறங்கி எரியோடு பாதையில் மினி பஸ், பத்து ரூபாய். 11.50க்கு ஒரு ஊரில் இறங்கினேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகப் புரியும்.

இரண்டாம் இயக்குநர் முத்துச்செல்வி. வயது இருபத்தாறு. நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், விடுமுறை நாட்களில் செல்போனில் படம் எடுக்கிறார். அவருடைய முதல் படம் ஒன்பது நிமிடம் ஓடும். மகளுக்குச் சோற்றுத் தூக்குவாளி கொண்டுவரும் அப்பா மில் கேட்டில் காத்திருக்கிறார். மகளுக்கு ஷிப்ட் மாறிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை. அதுவும் ஒரு போட்டியில் கடைசி ஐந்துக்குள் வந்த படம்.

ஸ்டாப்பில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைச் சொல்வார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். எதிரே டீக்கடை. நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டினாற்போல ஒரு பஞ்சர் கடையில் ஒருவர் சைக்கிள் டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். மில்லுக்குப் போகும் பெண் வீடு எது என்று சாதாரணமாகக் கேட்டிருக்கலாம். இத்தனை தூரம் வந்துவிட்டு அப்படிக் கேட்க மனம் வரவில்லை. "விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இயக்குநர் முத்துச்செல்வியின் இல்லம் யாது?" என்று முழங்கினேன்.

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். "பரிந்துரையா? அது யாரு சிபாரிசுங்கய்யா?"

யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது. "சாதாரண ஆளுங்களா? எல்லாம் மேலிடம்," என்று கையை வானத்துக்குக் காட்டினேன். கடையே அமைதியாகிவிட்டது. என் பேச்சின் வலிமை என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன் (பன்னிரண்டு ரூபாய், நல்ல டீ). கிழக்கே போகச் சொன்னார்கள். நான் மேற்கே போய், ஒரு தென்னந்தோப்பையும் இரண்டு நாய்களையும் தரிசித்துவிட்டுத் திரும்பினேன். வரும்போது பஞ்சர் கடை பூட்டியிருந்தது. சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

முத்துச்செல்வியின் வீட்டை 12.40க்குக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு அம்மாவும் ஒரு வேட்டிக்காரரும் எனக்கு முன்பே வண்டியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரசிகர்கள் என்று நினைத்து வணங்கினேன். அந்த அம்மா கையில் மனு இருந்தது. கரூர் பஸ் தன் ஊர் விலக்கில் நிற்பதில்லையாம். வேட்டிக்காரருக்கு மருமகனை மில்லில் சேர்த்துவிட வேண்டுமாம். "மேலிடத்துல ஒனக்கு அம்புட்டுச் செல்வாக்குன்னு இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சேத்தா," என்று அந்த அம்மா குறைப்பட்டுக்கொண்டார். முத்துச்செல்வி என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

இதற்குள் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்ததும் அவர் முகம் மாறியிருந்தது. அன்று மாலை நாலு மணிக்கு அவருடைய இரண்டாவது படத்தின் கடைசிக் காட்சி. ஒரு பழைய மில் பஸ்ஸுக்குள் எடுக்க வேண்டும். அந்தப் பஸ் மறுநாள் காலை காயலான் கடைக்குப் போகிறது. ஓட்டுநர் ஞாயிறு ஒரு நாள் மட்டும் சாவி தர ஒப்புக்கொண்டிருந்தார். அவர்தான் போனில். நடிக்க வேண்டியவர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். முதல் படத்தில் தூக்கோடு நிற்கும் அப்பாவாக நடித்தவர். அவர்தான் நான் பார்த்த பஞ்சர் கடைக்காரர்.

"சார், டீக்கடையில என்ன சொன்னீங்க?"

பெருமையாகத்தான் சொன்னேன் என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிவேதாவின் ஏழு கேள்விகளையும் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே நடந்தேன்.

பூட்டிய கடையின் பின்பக்கம் ஒரு டிராக்டர் டயர் மேல் உட்கார்ந்திருந்தார் அவர். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாத்தா. நான் வரல. சும்மா திரும்பிப் போயிரு."

"ஏன் சித்தப்பா?"

"என் நடிப்பப் பாத்துட்டுத்தான் எடுத்தாங்கன்னு காத்தடிக்க வாரவன் அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன். சிபாரிசுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா வாயப் பொத்திக்கிட்டு இருந்திருப்பேன்ல?"

நான் குறுக்கே புகுந்தேன். என் தமிழ்ப் புலமை முழுவதையும் திரட்டி, பரிந்துரை என்பது சிபாரிசு இல்லை, தகுதி உள்ளதை நாலு பேர் மேலே எடுத்துச் சொல்வது என்று விளக்கினேன். "அதத்தானேய்யா சிபாரிசுங்கிறது," என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. இந்த இடத்தில் எனக்கே படத்தின் மீது லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது.

முத்துச்செல்வி மட்டும் குழம்பவில்லை. அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சித்தப்பா, பேரு எழுத்தெல்லாம் எடுத்துட்டு வெறும் படத்தத்தான் அனுப்பச் சொன்னாங்க. எடுத்தது யாரு, நடிச்சது யாரு, எந்த ஊரு, எதுவும் இருக்கக் கூடாதுன்னாங்க. பாத்தவங்களுக்கு எம் பேரும் தெரியாது, உங்க பேரும் தெரியாது."

"எம் பேரே இல்லாமயா அனுப்புன?"

"ஆமா."

நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது என்று நான் பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்தேன். முத்துச்செல்வி போனில் எதையோ தேடி அவரிடம் நீட்டினார், பிறகு தானே படித்தும் காட்டினார். படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் எழுதிய குறிப்பு. தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, சோறு ஆறிவிடக் கூடாது என்று திரும்ப மூடும் அந்தக் கையைப் பற்றி மட்டும் மூன்று வரி இருந்தது.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கிரீஸும் டியூப் ஒட்டும் சொலூஷனும் அப்பிய கை.

"அப்ப அவிங்களுக்கு நான் யாருன்னே தெரியாது."

"தெரியாது சித்தப்பா."

"தெரியாமயே எழுதியிருக்காங்க." எழுந்து லுங்கியை உதறினார். கை கழுவப் போனவரை முத்துச்செல்வி கழுவ வேண்டாம் என்று தடுத்தார். பஞ்சர் கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "இந்த ஆளும் வரட்டும். ஆனா வாயத் தொறக்கக் கூடாது," என்றார். என் வாழ்நாளில் எனக்கு விதிக்கப்பட்ட மிகக் கொடூரமான நிபந்தனை அது.

மில் பஸ் வேலியோரம் நின்றது. சீட்டெல்லாம் கிழிந்து பஞ்சு தெரிந்தது. மனுக் கொடுக்க வந்த இருவரும் பயணிகளாக ஏற்றப்பட்டார்கள், நானும் கடைசி சீட்டில். காட்சி இதுதான்: மகள் தினமும் வேலைக்குப் போகும் பஸ்ஸில், அவள் சீட்டில், அப்பா ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறார். இரண்டு தடவை எடுத்தும் முத்துச்செல்விக்குச் சரியாக வரவில்லை. மூன்றாவது தடவை, 4.35க்கு, வெயில் சாய்ந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் சீட்டில் விழுந்தது. அவர் வந்து உட்கார்ந்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, கொஞ்சம் நகர்ந்து ஜன்னலோரம் இன்னொரு ஆள் உட்கார இடம் விட்டார்.

மனுக் கொண்டுவந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அது காட்சியில் இல்லை, ஆனால் முத்துச்செல்வி 'கட்' சொல்லவில்லை.

இதே போல் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எரியோடு பாதையில் ஞாயிற்றுக்கிழமை மினி பஸ் குறைவு, மாலை 5.30 வண்டியை விட்டால் ஏழு மணி வரை கொசுதான் துணை. மதியச் சாப்பாட்டை வேடசந்தூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நான் முடிக்கவில்லை. காலையில் தின்ற இட்லியோடு மதுரை திரும்பும்போது இரவு ஒன்பது. குறும்பட இயக்குநரைப் பேட்டி காணப் போனால், போட்டியில் தேர்வான படம் என்று மட்டும் சொல்லுங்கள். 'பரிந்துரை' என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள். நான் பழகிக்கொண்டிருக்கிறேன், தொண்டையில் சிக்குகிறது. அப்புறம், நிவேதா, உன் ஏழு கேள்வியில் நாலு கேட்கவே இல்லை.

பஸ் ஏறும்போது பஞ்சர் கடைக்காரர் ஸ்டாப் வரை வந்தார். நான் எழுதப் போவதை முத்துச்செல்வி அவரிடம் சொல்லியிருக்கிறார். பெயர், வயது, கடை முகவரி எல்லாம் குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தேன். அவர் நோட்டை மூடினார்.

"எம் பேரப் போட வேணாம். தெரியாமயே படத்தப் பாக்கட்டும்."

அதனால்தான் ஊர்ப் பெயரும் இதில் இல்லை, அவர் பெயரும் இல்லை. அந்தப் பாதையில் நான் எண்ணியவரை மூன்று பஞ்சர் கடைகள் உண்டு. அந்தப் பக்கம் போகிறவர்கள் மூன்றிலும் காற்றடித்துக்கொள்ளுங்கள். யார் என்று கேட்காதீர்கள்.